காரின் பிரேக் ஆயிலை வீட்டிலேயே மாற்றி, ஏர் (உள்ளே சிக்கிய காற்று) எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேக் ஆயில் என்ன, எரிந்து தீர்ந்து போகிற பொருளா? அதை ஏன் மாற்ற வேண்டும்?

அது தீர்ந்து போவதில்லை, கெட்டுப் போகிறது. இன்றைய கார்களில் பெரும்பாலும் இருப்பது கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம். பிரேக் ஆயில் டப்பாவுக்கு மூடி போட்டிருக்கிறதே, எப்படி ஈரம் உள்ளே போகும் என்று தோன்றும். மூடியில் காற்றுப் போக ஒரு வழி வைத்திருப்பார்கள். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல ஊடுருவும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடந்துகொண்டேதான் இருக்கும்.

அந்த ஈரம் செய்கிற கெடுதல் இரண்டு. ஒன்று, காலிப்பருக்கும் (சக்கரத்தில் பேடை அழுத்துகிற பாகம்) சிலிண்டருக்கும் உள்ளே துருப் பிடிக்க வைப்பது. இன்னொன்றுதான் ஆளைக் கொல்லக்கூடியது. பிரேக் அழுத்தும்போது உண்டாகும் சூடு, பேட் (டிஸ்க்கை உரசி நிறுத்தும் தகடு) வழியாகக் காலிப்பருக்கும் அங்கிருந்து திரவத்துக்கும் போகிறது. சுத்தமான திரவம் அந்தச் சூட்டைத் தாங்கும். தண்ணீர் கலந்த திரவம் சீக்கிரமே கொதித்து ஆவிக் குமிழி விடும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால்தான் நீங்கள் காலால் கொடுக்கிற அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவியை அமுக்கினால் அது சுருங்கிவிடும். மலைப்பாதையில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி வரும்போது, திடீரென்று பெடல் அடிவரை போய்விடுவது இதனால்தான்.

இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. வண்டியை ஓரம் கட்டிச் சூடு ஆறினதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் பழையபடி கெட்டியாகிவிடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் ஒரு குறையும் கண்ணில் படாது. ஒருமுறை இப்படி ஆகி, பிறகு தானாகச் சரியாகிவிட்டது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரேக் ஆயிலைத்தான்.

பிரேக் ஆயில் நிஜமாகவே ஆயில்தானா?

இல்லை. நாம் எல்லாரும் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம், இந்தப் பக்கத்திலும் அப்படியேதான் எழுதுகிறேன். ஆனால் இந்தப் பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றிவிடாதீர்கள். பெட்ரோலியத்தில் வந்த எந்த எண்ணெய் பட்டாலும் பிரேக்கின் ரப்பர் சீல்கள் ஊதிப் பெருத்துவிடும். ஒரு ஸ்பூன் அளவு போனாலும் பெடலை மிதிக்கக் கூடாது, வண்டியை ஓட்டக் கூடாது. மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் பாகம்) முதல் கடைசிச் சக்கரம் வரை திரவம் பட்ட ரப்பர் பாகங்கள் அத்தனையையும் மாற்ற வேண்டிய செலவு அது. எஞ்சின் ஆயில் ஊற்றிய ஃபனலைத் துடைத்துவிட்டுப் பிரேக் ஆயிலுக்கு எடுப்பதும் இதே தவறுதான்.

எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பல கம்பெனிகள் 2 வருஷம் என்கின்றன, சில 3 வருஷம் என்கின்றன. உங்கள் காரின் கையேட்டில் இருப்பதே கணக்கு. கிலோமீட்டர் குறைவாக ஓடியிருக்கிறது என்று தள்ளிப் போட வேண்டாம். நின்ற வண்டியிலும் ஈரம் ஏறும்.

நிறம் கறுத்தால்தான் கெட்டுப் போனதாக அர்த்தமா?

நிறத்தை மட்டும் நம்ப முடியாது. புதிய திரவம் லேசான மஞ்சளாக, கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரியே தெளிவாக இருக்கும். பழையது பழுப்பேறி, துரு கரைந்த தண்ணீர் மாதிரி வரும். ரப்பர் துகள், குழாய்களில் இருந்து கரைந்த உலோகம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். கறுத்திருந்தால் மாற்றிவிட வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தெளிவாக இருக்கிற திரவத்திலும் தண்ணீர் கலந்திருக்கலாம், தண்ணீருக்கு நிறம் கிடையாதே.

பேனா மாதிரி ஒரு டெஸ்டர் கிடைக்கிறது. மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து ஈரத்தை மதிப்பிடும். ஓரளவுக்கு உதவும். திரவத்தைக் கொதிக்க வைத்தே அளக்கிற கருவி இன்னும் நம்பகமானது, நல்ல ஒர்க்‌ஷாப்களில் வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால், தேதி தெரியாத செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினால் டெஸ்டரைத் தேட வேண்டாம். வாங்கின முதல் மாதமே மாற்றிவிடுங்கள்.

டாட் 3, டாட் 4, டாட் 5, டாட் 5.1: எதை வாங்குவது?

டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. மாஸ்டர் சிலிண்டர் டப்பாவின் மூடியிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். அதையே வாங்குங்கள். எண்களுக்குப் பின்னால் இருப்பது முக்கியமாகக் கொதிநிலைக் கணக்கு. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. டாட் 4-க்கு அது 230, டாட் 5.1-க்கு 260. ஈரம் ஏறிய நிலைக்குத் தனிக் கணக்கு உண்டு: முறையே 140, 155, 180. அந்த 'ஈரம் ஏறிய நிலை' என்பது ஏறக்குறைய 3.7 சதவீதம் தண்ணீர். நூறு மில்லியில் நாலு மில்லிகூட இல்லை. அதற்கே டாட் 4 தன் தாங்கும் சக்தியில் 75 டிகிரியை இழந்துவிடுகிறது.

டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றோடொன்று கலந்தாலும் உடனே ஆபத்தில்லை. டாட் 5 வேறு ஜாதி. அது சிலிகோன். மற்ற எதனோடும் கலக்கக் கூடாது, ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிக்கும் ஆகாது. 5, 5.1 என்று எண் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கடையில் மாற்றி எடுத்துவிடுகிறார்கள். பாட்டிலை இரண்டு முறை படியுங்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் 'குறைந்த பாகுத்தன்மை' டாட் 4 கேட்டிருப்பார்கள். ஏ.பி.எஸ்., ஈ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) வால்வுகள் குளிரிலும் வேகமாக வேலை செய்ய அது வேண்டும். அங்கே சாதா டாட் 4 போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சீல் உடையாத பாட்டிலாக வாங்குங்கள். ஒரு லிட்டர் இருந்தால் சாதாரணக் காருக்குப் போதும். போன வருஷம் திறந்து பாதி மீந்த பாட்டிலில், நீங்கள் மாற்றப் போகிற அதே ஈரம்தான் ஏறியிருக்கும்.

டப்பாவில் குறைந்ததை ஊற்றி நிரப்பிவிட்டால் போதாதா?

போதாது. டப்பாவில் ஊற்றியது டப்பாவிலேயேதான் இருக்கும். சூடு பிடிக்கிற இடம் காலிப்பர், அங்கே பழைய திரவம் அப்படியே கிடக்கும்.

இன்னொன்று: மட்டம் குறைந்ததற்குக் காரணம் பார்க்காமல் ஊற்றாதீர்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தைத் திரவம் நிரப்பும், டப்பாவில் மட்டம் கொஞ்சம் இறங்கும். அது இயல்பு. சட்டென்று இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. சக்கரத்தின் உட்புறத்தையும், பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர் சேரும் இடத்தையும் பாருங்கள். ஒழுகல் இருந்தால் முதல் வேலை அதுதான், ஆயில் மாற்றுவது அப்புறம்.

இதை வீட்டில் நாமே செய்யலாமா?

சக்கரம் கழற்றி மாட்டத் தெரிந்த, அவசரப்படாத ஒருவர் தாராளமாகச் செய்யலாம். கைவேலை சுலபம். கவனம்தான் விடாமல் இருக்க வேண்டும். ஹைப்ரிட், மின்சாரக் கார், பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மின்னணுப் பிரேக் அமைப்பு இருக்கிற வண்டி ஆகியவற்றை மட்டும் தொட வேண்டாம். அவற்றில் கதவைத் திறந்தாலே பம்ப் விழித்துக்கொண்டு அழுத்தம் ஏற்றும் வகைகள் உண்டு. அதற்கென்று ஸ்கேனரும் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) தனி முறையும் வேண்டும்.

என்னென்ன எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்?

ஜாக்கி, வண்டியைத் தாங்க ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை நீட்டாதீர்கள். நிப்பிளுக்கு (திரவத்தையும் காற்றையும் வெளியே விடத் திறக்கும் சின்னத் திருகு) சரியான ரிங் ஸ்பேனர்: பெரும்பாலும் 8, 10 அல்லது 11 மி.மீ. இருக்கும். இரண்டு பக்கம் மட்டும் கவ்வுகிற ஓப்பன் ஸ்பேனர் நிப்பிளின் தலையை உருட்டிவிடும். நிப்பிளில் இறுக்கமாக உட்காரும் கண்ணாடி மாதிரித் தெளிவான டியூப், ஒரு பிளாஸ்டிக் பாட்டில், டப்பாவில் இருந்து உறிஞ்ச ஒரு பெரிய சிரிஞ்சு, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பழைய துணி, ஒரு வாளி தண்ணீர். கூட ஒரு ஆள்.

எந்தச் சக்கரத்தில் முதலில் ஆரம்பிப்பது?

பொதுவழக்கம், மாஸ்டர் சிலிண்டரில் இருந்து குழாய் நீளம் அதிகமாக உள்ள சக்கரம் முதலில், மிக அருகில் இருப்பது கடைசியில். ஸ்டியரிங் வலது பக்கம் உள்ள வண்டியில் அது பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரும். ஆனால் பல கார்களில் குழாய்கள் குறுக்காகப் பிரிந்திருக்கும்: ஒரு பக்க முன் சக்கரமும் மறுபக்கப் பின் சக்கரமும் ஒரு ஜோடி. அவற்றுக்குக் கம்பெனி வேறு வரிசை சொல்லியிருக்கலாம். கையேடு சொல்வதுதான் கடைசி வார்த்தை.

சரி, ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள். எப்படிச் செய்வது?

சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். பேனட்டைத் திறந்ததும் டப்பாவைச் சுற்றிலும் உள்ள தூசியைத் துடைத்துவிட்டு, அப்புறம் மூடியைத் திறங்கள். சிரிஞ்சால் டப்பாவில் இருக்கும் பழைய திரவத்தை உறிஞ்சி எடுங்கள், ஆனால் அடித் துவாரம் தெரிகிற அளவுக்கு எடுக்க வேண்டாம். கொஞ்சம் மீதி விட்டு, புதிய திரவத்தை மேக்ஸிமம் கோடு வரை ஊற்றுங்கள். இப்படிச் செய்தால் டப்பாவில் இருக்கும் அழுக்கைக் குழாய் முழுக்க ஓட்ட வேண்டியதில்லை.

முதல் சக்கரத்தைக் கழற்றுங்கள். காலிப்பரின் மேல்பக்கம் சின்ன ரப்பர் தொப்பி போட்டு நிப்பிள் இருக்கும். தொப்பியை எடுத்து, நிப்பிளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ரிங் ஸ்பேனரை முதலில் மாட்டுங்கள். அதற்கு மேல்தான் டியூப். மாற்றிச் செய்தால் டியூப்பைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டி வரும். டியூப்பின் மறுமுனை பாட்டிலில், கொஞ்சம் புதிய திரவத்துக்குள் மூழ்கி இருக்கட்டும்.

இப்போது இரண்டு பேர் வேலை. நானும் தம்பியும் செய்யும்போது மூன்று சொல் வைத்துக்கொள்வோம். 'மிதி' என்றால் அவன் பெடலை நிதானமாக மிதித்து, அழுத்தத்தோடு நிறுத்தி, 'மிதிச்சாச்சு' என்பான். நான் நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன். டியூப்பில் திரவம் பாயும், அவன் கால் கீழே இறங்கும். இறங்குகிறதே என்று அவன் காலை எடுக்கக் கூடாது, அங்கேயே பிடித்திருக்க வேண்டும். நான் நிப்பிளை மூடிவிட்டு 'விடு' என்ற பிறகுதான் கால் மேலே வரும்.

நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். இந்த ஒரு வரிசை பிசகினால், மேலே வருகிற பெடல் காற்றையும் பழைய திரவத்தையும் டியூப் வழியாகத் திரும்ப உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு நேரம் செய்தாலும் ஏர் போகாது.

டியூப்பையே பார்த்துக்கொண்டிருங்கள். முதலில் பழுப்பாக வரும், நடுவே ஊசி முனை அளவு குமிழிகள் வரிசையாக ஓடும், பிறகு சட்டென்று ஓர் இடத்தில் நிறம் வெளுக்கும். புதிய திரவம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் நாலைந்து மிதி எடுத்துவிட்டு, நிப்பிளை மூடி, டியூப்பைக் கழற்றி, தொப்பியைப் போடுங்கள். நிப்பிள் மெல்லியது, நடுவில் துளை உள்ளது. சின்ன ஸ்பேனரால் அளவோடு இறுக்கினால் போதும், பலத்தைக் காட்டினால் முறிந்துவிடும்.

ஏழெட்டு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் போய்ப் பார்த்து நிரப்புங்கள். நான் இதைத் தவறவிட்டிருக்கிறேன். மூன்று சக்கரம் நன்றாக முடிந்த நிம்மதியில் நாலாவதில் டப்பாவைப் பார்க்கவில்லை. தம்பி, 'அண்ணே, பெடல் வெறுமனே போகுது' என்றான். ஓடிப் போய்ப் பார்த்தால் டப்பா காலி, காற்று மாஸ்டர் சிலிண்டருக்குள் போய்விட்டது. நாலு சக்கரத்தையும் மறுபடி முதலில் இருந்து செய்தோம், இன்னொரு பாட்டில் வாங்கி. அன்றிலிருந்து டப்பாவைப் பார்க்கிற வேலையைப் பெடல் மிதிக்கிறவரிடம் கொடுத்துவிட்டேன். ஐந்தாவது மிதியில் அவரே இறங்கிப் பார்ப்பார், பார்த்தேன் என்று வாய்விட்டுச் சொல்வார்.

பழைய வண்டியில் பெடலை அடிவரை மிதிக்கக் கூடாது என்கிறார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுத் தூரம் போவதில்லை. போகாத பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். பெடலை அடிவரை தள்ளினால் சீல் அந்தக் கரட்டில் உரசிக் கிழியலாம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள்.

நிப்பிள் அசையவே இல்லை. என்ன செய்வது?

துருவை இளக்கும் ஸ்ப்ரேயை முந்தின நாளே அடித்து ஊற விடுங்கள். ஆறு பக்கமும் கவ்வுகிற சாக்கெட்டை மாட்டி, முதலில் மயிரிழை அளவு இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு திறந்து பாருங்கள். துருவின் பிடி விடுபடும். அப்படியும் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முறிந்த நிப்பிளைக் காலிப்பரில் இருந்து எடுப்பது வீட்டு வேலை அல்ல. ஒரு யோசனை: நாலு நிப்பிளும் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் பாட்டிலின் சீலை உடையுங்கள்.

கூட ஆள் இல்லை. தனியாகச் செய்ய வழி உண்டா?

உண்டு. டப்பாவின் வாயில் மாட்டி லேசான காற்றழுத்தம் கொடுக்கிற பிரஷர் பிளீடர் நல்லது. நிப்பிளைத் திறந்தால் போதும், திரவம் தானே வரும். அழுத்தத்தைக் கையேட்டில் சொன்னதற்கு மேல் ஏற்றாதீர்கள், டப்பா பிளாஸ்டிக். வேக்கம் பம்ப் வைத்து உறிஞ்சலாம், ஆனால் நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றையும் இழுத்துக்கொண்டு பொய்க் குமிழி காட்டும். நிப்பிளைத் திறந்து வைத்துத் தானாகச் சொட்ட விடுவதும் ஒரு வழிதான். அதற்குப் பொறுமை வேண்டும், டப்பா மீது கண்ணும் வேண்டும்.

ஏ.பி.எஸ். இருந்தால்?

வெறுமனே ஆயில் மாற்றுவதற்குப் பெரும்பாலான வண்டிகளில் இதே முறை போதும். ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்றுப் போய்விட்டால்தான் சிக்கல். உள்ளே மூடியிருக்கிற வால்வுகளையும் பம்ப்பையும் ஸ்கேனர் வைத்து இயக்கித்தான் அந்தக் காற்றை வெளியே எடுக்க முடியும். டப்பாவைக் காலியாக விடாதீர்கள் என்று மறுபடி மறுபடி சொல்வது இதற்காகத்தான்.

குமிழி நிற்காமல் வருகிறது, அல்லது பெடல் இன்னும் மெத்தென்று இருக்கிறது. ஏன்?

டியூப்பும் நிப்பிளும் சேரும் இடத்தில் காற்று இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலிப்பரைச் சமீபத்தில் கழற்றி மாட்டியிருந்தால் இடது வலது மாறியிருக்கலாம். நிப்பிள் கீழ்ப்பக்கம் போய்விட்டால் மேலே தங்கிய காற்று வெளியே வரவே வராது. பெடலை வேகமாகக் குத்திக் குத்தி மிதித்தால் காற்று நுரையாக உடைந்து திரவத்தில் கலந்துவிடும். அரை மணி நேரம் விட்டுவிட்டு நிதானமாக மறுபடி செய்யுங்கள்.

பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிஷம் மிதித்துப் பிடித்தால் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறதா? எங்கும் ஒழுகல் தெரியாவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதை ஏர் எடுத்துத் தீர்க்க முடியாது. பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியில் ஷூ (டிரம்மை உள்ளிருந்து உரசும் பாகம்) சரியாக அட்ஜஸ்ட் ஆகாவிட்டாலும் பெடல் தாழ்வாக இருக்கும்.

கிளட்ச்சுக்கும் இதே ஆயில்தானா?

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல கார்களில் ஒரே டப்பாதான். அதற்குத் தனி நிப்பிள் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும். பிரேக்கை முடித்த கையோடு அதையும் மாற்றிவிடுவது நல்லது.

பெயிண்ட் மீது சிந்திவிட்டது!

துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றுங்கள். நிறையவே ஊற்றுங்கள். பிரேக் ஆயில் பெயிண்ட்டை ஊறவைத்து உரித்துவிடும், ஆனால் தண்ணீரில் நன்றாகக் கரையும். வாளியைப் பக்கத்தில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். கண்ணில் பட்டாலும் ஓடும் தண்ணீரில் பல நிமிஷம் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள். டிஸ்க் மீதோ பேட் மீதோ பட்டிருந்தால் டிஸ்க்கை பிரேக் கிளீனரால் சுத்தம் செய்ய வேண்டும், ஊறிப்போன பேடை மாற்றிவிட வேண்டும்.

முடிந்ததும் எப்படிச் சோதிப்பது?

சக்கர நட்டுகளை இறுக்கி, டப்பா மட்டத்தைச் சரிபார்த்து மூடியைப் போடுங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், கெட்டியாக நிற்க வேண்டும். மிதித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் உள்ளே இறங்கும். பயப்பட வேண்டாம், அது பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகம்) வேலை செய்வதன் அடையாளம். பிறகு யாராவது பெடலை அழுத்திப் பிடித்திருக்க, நாலு நிப்பிளையும் டார்ச் அடித்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால், ஆள் நடமாட்டம் இல்லாத சமதரையில் நடக்கிற வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். பெடலில் துளி சந்தேகம் இருந்தாலும் ரோட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கு வரவழையுங்கள், அல்லது ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மறுநாள் காலை டப்பா மட்டத்தை இன்னொரு முறை பாருங்கள்.

எடுத்த பழைய ஆயிலை என்ன செய்வது?

சாக்கடையிலும் மண்ணிலும் ஊற்றக் கூடாது, விஷம். வெளிவந்ததை வடிகட்டித் திரும்ப ஊற்றுவதும் கூடாது. மூடியுள்ள பாட்டிலில் அடைத்து, மேலே என்னவென்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, கழிவுத் திரவம் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பிலோ சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள். பழைய எஞ்சின் ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். நீச்சல் குளத்துக் குளோரின், பிளீச்சிங் பவுடர் இருக்கும் அலமாரியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் சில நொடிகள் சும்மா இருப்பது போல இருந்துவிட்டு, நெருப்பு வைக்காமலே பற்றி எரியும்.